முப்பத்தேழாம் நம்பர் வீட்டின் கூரை

திங்கட்கிழமை காலை நான் தெருவுக்குள் நுழைந்தபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை இருந்தது. இடையில் புயலும் இல்லை, தீயும் இல்லை. நான்கு சுவரும் அப்படியே நிற்கின்றன, அடுப்பங்கரை வரைக்கும் வெயில் விழுகிறது. வாசலில் ஒரு மீன்பாடி வண்டி, அதன்மேல் தகர ஷீட்டுகள், கதவு, பாத்திர மூட்டை. பக்கத்தில் கடப்பாரையோடு அந்த வீட்டு அக்கா. யார் இடித்தது என்று கேட்டேன். நான் தான் பிரிச்சேன் என்றார், துணி காயப்போட்டேன் என்று சொல்கிற மாதிரி.

அந்தத் தெருவை முன்னேற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் நான். திருவொற்றியூரில் கடலுக்கும் லாரிகள் ஓயாத ரோட்டுக்கும் நடுவே கிடக்கும் தெரு அது. எங்கள் தொண்டு நிறுவனம் அங்கே இரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, வேலை நடக்கத்தான் செய்தது. கழிவுநீர் ஓடக் கால்வாய் கட்டினோம். எரியாத விளக்குகளை எரியவைத்தோம். ஊர்க் குப்பையெல்லாம் வந்து விழும் ஒரு மூலை இருந்தது. அதைக் கூட்டிக் கழுவி, தினமும் விடிந்ததும் அங்கே கோலம் போடச் சொன்னோம். கோலத்தின் மேல் குப்பை கொட்ட யாருக்கு மனசு வரும்? ஒரே மாதத்தில் அந்த மூலையில் கருவாடு காய ஆரம்பித்தது.

அந்தக் கோலத்தை முதலில் போட்டவர் இந்த அக்காதான். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள். இளையவள் பத்தாவது, பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. இந்தப் பெண் பத்தாவது தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அக்கா வேறு எதையும் வேண்டிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவள் படிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கேட்டால் போதும், அக்காவின் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

வீடுகளுக்கு நம்பர் போடலாம் என்ற யோசனை என்னுடையது. இதை எந்தச் சபையிலும் ஒத்துக்கொள்வேன். கால்வாய் எங்காவது அடைத்துக்கொண்டால் எங்களுக்குப் போன் வரும். எந்த இடம் என்று கேட்டால், பச்சைப் பெயின்ட் வீட்டுக்கு அடுத்த வீடு, ஆட்டோ நிற்கிற வீட்டுக்கு எதிர்வீடு என்பார்கள். ஆட்டோ என்ன ஒரே இடத்திலா நிற்கும்? அதனால் வாசலுக்கு வாசல் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். கூட்டம் போட்டுத்தான் சொன்னோம். ஆனால் அந்தக் கூட்டத்தைக் காலை எட்டு மணிக்குப் போட்டோம். அந்த நேரத்தில் தெருவின் பெண்கள் அத்தனை பேரும் துறைமுகத்தில் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். வந்தவர்கள் ஐந்தாறு வயசான ஆண்கள். டீ குடித்தார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை நானே அட்டையில் எண்களை வெட்டி, சுவரில் வைத்து, பிரஷ் பிடித்து நம்பர் போட்டேன். அக்கா வீட்டுக்கு முப்பத்தேழு. நன்றாக வந்திருக்கிறது என்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் வசதியான அடையாறிலிருந்து வந்தவள் அல்ல. என் அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை போட்டவர். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடைக்கு மேல்மாடியில். வடசென்னை எனக்கு அத்துப்படி என்று ஆபீசில் பெரிய நினைப்பு. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பட்டா இருந்தது. சுவரில் மஞ்சள் நம்பர் விழுந்தால் என்ன அர்த்தம் என்பது பட்டா இருக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா சொல்லித்தான் தெரிந்தது. இங்கே வருவதற்கு முன்னால் அவர்கள் ஒரு கால்வாய்க் கரையில் குடியிருந்தார்களாம். ஒரு நாள் சிலர் வந்து சுவருக்குச் சுவர் நம்பர் போட்டிருக்கிறார்கள், இதே மஞ்சளில். மூன்றாம் நாள் ஜே.சி.பி. வந்து நின்றது. கதவு, ஜன்னல், தகரம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது மூத்தவள் பத்தாவது. டி.சி. வாங்கவும் அவகாசமில்லை, புதிய இடத்துப் பள்ளிக்கூடம் அந்தக் காகிதம் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றது. இன்றைக்குக் கொண்டு வா, நாளைக்குக் கொண்டு வா என்று அலைந்து அலைந்து அந்த வருடம் போனது. அடுத்த வருடம் அவள் இறால் உரிக்கப் போய்விட்டாள்.

அடிப்பாவி, என் கையாலேயா இதைச் செய்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அக்கா என்றேன். அதையும் ஏதோ அவர் தப்பு மாதிரிதான் கேட்டேன்.

"போன தபாவும் கேட்டோம் மா. சும்மா கணக்கெடுக்கிறோம், நீங்க போய் வேலயப் பாருங்கன்னாங்க," என்றார். "இந்த தபா நான் கேக்கறதா இல்ல."

இளையவள் வண்டியின் நிழலில் புத்தக மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் போடவில்லை. பள்ளிக்கூடம் போகலையா என்றேன். புழலில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அம்மா காலையிலேயே டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், மதியம் வந்து வாங்கிக்கொள்ளும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னதாகவும் சொன்னாள்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது டி.சி. வாங்கினால் இந்தப் பள்ளியிலும் பெயர் இருக்காது, அந்தப் பள்ளியிலும் இருக்காது. மூத்தவளுக்கு டி.சி. இல்லாமல் படிப்புப் போனது. இளையவளுக்கு டி.சி.யாலேயே போகப் பார்த்தது. அக்கா, இது இடிக்கப் போட்ட நம்பர் இல்லை, நான் போட்டது, கால்வாய் அடைப்பைச் சொல்லப் போட்டது என்று நான் அரற்ற ஆரம்பித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீயா போட்ட என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, வா, மொதல்ல இஸ்கூலுக்குப் போலாம் என்றார்.

மூன்று பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். தலைமையாசிரியை விவரத்தைக் கேட்டுவிட்டு, உங்களை மாதிரிப் படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்று என்னைத்தான் வாங்கு வாங்கு என்று வாங்கினார். கையெழுத்துக்கு வைத்திருந்த காகிதத்தை எடுத்து எங்கள் முன்னாலேயே கிழித்தார். அந்தப் பெண் வீட்டுச் சுடிதாரோடேயே வகுப்புக்குப் போனாள். நான் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அக்கா அழவில்லை. வேலைக்கு மதியம் வரைக்கும்தான் ஆள் மாற்றிவிட்டு வந்திருக்கிறேன், வெட்டுகிற மீன் வீணாகும் என்று அவசரப்படுத்தினார்.

எங்கள் மேலாளருக்குப் போன் செய்தேன். அது ஒரு கம்யூனிகேஷன் கேப் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். நம்பரையெல்லாம் உடனே அழித்துவிடு என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் வரை தின்னரும் பழைய துணியுமாக ஒவ்வொரு சுவராக அழித்தேன். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான் என்று அத்தனை கண்களும் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகாமல் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஒரு கிலோ ஆணி, அதற்கு ரப்பர் வாஷர், ஒரு நல்ல சுத்தியல். போய்ச் சேர்ந்தபோது ஷீட்டுகள் மேலே ஏறியிருந்தன. அக்கா ஒரு டிரம்மின் மேல் நின்று, பழைய ஆணி ஓட்டைகளில் படகுக் கயிற்றைக் கோர்த்துக் கழியோடு கட்டிக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தை நீட்டினேன். ஆணி வேணாம், கயிறே போதும் என்றார்.

"கடல் காத்துக்குக் கயிறு எத்தனை நாள் தாங்கும்க்கா?"

"தாங்க வேணாம் மா. சீக்கிரம் அவுந்தா போதும்." வேலையை நிறுத்தாமலே சொன்னார். "இந்தத் தெருவுலயே ஆணி அடிச்ச வூடு என்னிது ஒண்ணு தான். நீங்க வந்து கால்வா கட்டினீங்க, லைட்டு போட்டீங்க. இனிமே எவனும் கை வெக்க மாட்டான்னு நம்பி இந்தப் பொங்கலுக்குத் தான் அடிச்சேன். அதான் எனக்குப் பிரிக்க ரெண்டு நாள் ஆச்சு. மத்த வூட்டுக்காரங்கள்லாம் அர மணி நேரத்துல அவுத்துடுவாங்க."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எல்லாக் கூரையும் கயிறு. கயிற்றின் மேல் கல், கல்லின் மேல் பழைய டயர். ஓர் ஆணி இல்லை. இரண்டு வருடமாக அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் நடக்கிறேன், மோர் குடிக்கிறேன், கூட்டம் போடுகிறேன். வசதியில்லாததால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பலவீனமான கூரைகள் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். தெரு முழுக்க எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறது. நான் அதற்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்ப நம்பரெல்லாம் அழிச்சாச்சே, இனி என்ன பயம், ஆணியே அடிச்சிடலாம் என்று ஏதோ உளறினேன். அக்கா டிரம்மின் மேலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

"பொண்ணு பரீட்ச முடியற வரைக்கும் எவனும் வர மாட்டான்னு எய்திக் குடு. நானே அடிக்கிறேன்."

கிண்டல் இல்லை, மெய்யாகவே கேட்டார். என் பையில் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. அந்தத் தெருவைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியவள் நான். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை.

அக்கா கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் வீசினார். "அப்ப இத்த நல்லா இஸ்துப் புடி," என்றார். நான் ஆணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.