மோர் ஏற்றிய பிக்காப்பைக் குலுக்கிய மச்சான்

அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகும் மச்சானிடம் அப்பா தன் டீசல் பிக்காப்பை ஓட்டக் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை. பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பெரிய டிரம்களில் மோர் கொண்டுபோனோம். அப்பா முன்னாலேயே போய்க் கோயிலில் காத்திருந்தார். மோர் சிந்தாமல் போய்ச் சேர்ந்தால்தான் அவர் கண்ணுக்கு மச்சான் பொறுப்பான பிள்ளை. இது வண்டியில் இருந்த மச்சான், அக்கா, நான் மூவருக்குமே தெரியும்.

வழியில் சிலிபின் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில், வண்டிக்கு எண்ணெய் ஊற்ற நிறுத்தினோம். நான் பொறியியல் படிப்பவன், வாய் சும்மா இருக்குமா? என்ஜினை அணைத்தாயிற்றா, கைப்பேசி வண்டிக்குள்ளேயே இருக்கிறதா, எடுத்தது டீசல் பம்புதானா என்று இறங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எல்லாம் ஆச்சுங்க எஞ்சினியர் சார்" என்றார் மச்சான்.

தொட்டி நிரம்பியதும் பம்பு டக்கென்று தானாக நின்றது.

"போதும் மச்சான். டீசல் நுரைக்கும், இதுக்கு மேல அமுக்கக் கூடாது."

"நுரைதானே, கொஞ்சம் குலுக்குனா அடங்கிரும்லா. என் காருக்கு எப்பவும் இப்படித்தான்."

வண்டியைக் குலுக்கிக் குலுக்கித் தொட்டியின் வாய்வரை நிரப்பினால்தான் எங்கள் ஆட்களில் பலருக்குத் திருப்தி. மச்சான் ஒரு கையால் பம்பை அமுக்கிக்கொண்டு, இடுப்பால் பிக்காப்பை இடிக்க ஆரம்பித்தார்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பின்னால மோரு இருக்கு, ஞாபகம் இருக்கா?"

அதற்குள் ஒலிபெருக்கியில் கவுண்டர் பெண்ணின் குரல் மலாயில் அதட்டியது: "பாங், ஜாங்ஙான் கோயாங்." அண்ணே, ஆட்டாதீங்க. எல்லாப் பம்புகளிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தபோது டீசல் நுரை பொங்கி மச்சானின் வெள்ளை வேட்டியில் வழிந்தது. பின்னால் ஒரு டிரம்மின் மூடி நழுவி, மோர் தரையில் கொட்டியது.

நிலையத்து ஊழியர் ஓடிவந்து டீசல் மேல் மணலைத் தூவினார்.

"இந்த வேட்டியோடவா சூடம் கொளுத்துற இடத்துக்கு வருவீங்க? போய் மாத்துங்க" என்றாள் அக்கா. என் பையில் இருந்தது ஒரு பூப்போட்ட சாரோங் மட்டும்தான். மச்சான் கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா சிரிக்க ஆரம்பித்தவள், லகாட் ஊரைத் தாண்டியும் நிறுத்தவில்லை. மச்சான் மட்டும் வழியெல்லாம் கண்ணாடியில் டிரம்களையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

கோயிலில் அப்பா முதலில் சாரோங்கைப் பார்த்தார். பிறகு குறைந்திருந்த டிரம்மைப் பார்த்தார்.

"குலுக்குனீங்களா மாப்பிள?"

"ஆமா மாமா."

அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் நானும் இப்படித்தான், ரெண்டு தட்டு முட்டையோட. உங்க அத்தைகிட்ட சொல்லிராதீங்க."

மச்சான் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. இருவருமாக டிரம்மில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கலக்கினார்கள்.

"சாயந்தரம் வண்டிய நீங்களே எடுத்துட்டு வாங்க மாப்பிள. எண்ணெ மட்டும் இவன் ஊத்தட்டும்" என்று அப்பா என்னைக் காட்டினார்.