ராஜாங்கம் டிவியை ஊதி அடக்கிய மாலை

எங்கள் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதும் ராஜாங்கம் அண்ணனுக்கு வயிற்றெரிச்சல் அதிகம். பக்கத்தில் நின்று ட்ரம் அடிக்கிற நான் புதுக் குச்சி வாங்கினால்கூட அவருக்குப் பொறுக்காது. வடக்குத்து கிராமத்தில் அவர் வீடு, நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. தலை நரைத்தும் பெர்மனென்ட் ஆகவில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவர்தான் ராஜா. சுரங்கத்தில் ரிட்டயராகிறவருக்கு மாலை போட்டு ஜீப்பில் ஏற்றி, குவார்ட்டர்ஸ் வரை வாசித்துக்கொண்டு போய் விடுவோம். வாசலில் அந்த வீட்டம்மா ஆரத்தி எடுக்கும்போது அண்ணன் ஒரே சுரத்தைத் தாழ்த்தி, குழைத்து, அழுகிற மாதிரி இழுப்பார். ரிட்டயரானவர் அங்கேதான் கண் கலங்குவார்.

எங்களோடு சாக்ஸஃபோன் வாசித்த விஜயராஜ் சென்னைக்குப் போய், ப்ளூஸும் பழைய ஜாஸும் வாசிக்கிற குழுவில் சேர்ந்தான். அவர்கள் கச்சேரி டிவியில் வரப்போகிறது என்று தெரிந்ததும் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் நான் சாப்பிட்டேன்.

“அந்த இழுப்பு என்னுதுடா. அத்த வாசிச்சிதான் டிவிக்குப் போறான். எம் பேர சொல்லுவான்னு நெனைக்கிற? சொல்ல மாட்டான்” என்றார்.

கச்சேரி வந்த சாயங்காலம் மாதக் கடைசியாக அமைந்துவிட்டது. அன்றைக்கு ரிட்டயரான நல்லசாமி சாரை ஏற்றிக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்கு வீடு டிவியில் விஜயராஜ். நம்ம ஊர்ப் பையன் என்று சன்னலைத் திறந்து, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அண்ணனுடைய வாசல் இழுப்பு சாக்ஸஃபோனில் தெரு முழுக்கக் கேட்டது. ஜீப்பை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அண்ணன் முகம் கறுத்துவிட்டது. நடுத்தெருவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

“அடிடா! வூட்ல கீறவன் அத்தினி பேரும் வெளிய வரணும்.”

அடித்தேன். அவர் கன்னம் உப்ப ஊதினார். “ஏம்ப்பா, வீட்டுக்குப் போலாமா?” என்று நல்லசாமி சார் மாலையும் கழுத்துமாகக் கெஞ்சினார். யார் காதில் விழும்? கடைசியில் டிவியை விட்டுவிட்டு ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அண்ணன் ஜெயித்துவிட்டார்.

சார் வீட்டு வாசலுக்குப் போனோம். அவர் மனைவி பார்வதியம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார்.

“ராஜாங்கம், டிவியில உங்க போட்டோ காட்டுனாங்க! விஜயராஜ் என்னமோ சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சிக்கிட்டான்.”

“இன்னா சொன்னான்?” என்றார் அண்ணன்.

“நீங்க ஊதுன ஊதல்ல யாருக்குக் கேட்டுச்சு?”

அன்றைக்கு வாசலில் அந்த இழுப்பு வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

கச்சேரி இப்போது யூட்யூபிலும் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கே போய் போனை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

“ஒரு தபா பாத்தாதான் இன்னாங்க?” என்றார் அவர் மனைவி கனகம் அக்கா.

“நல்லபடியா சொல்லித் தொலைச்சிருந்தான்னா?” என்றார் அண்ணன். “அப்புறம் நான் அவன எப்பிடித் திட்டறது?”