சீதாலக்ஷ்மி இறங்க ஒரு கரை

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வெங்கிடாசலம் டெஸ்பாட்ச் குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு சனி, ஞாயிறு அந்தக் கம்பெனி ஊழியர்கள் குடும்பத்தோடு எங்கேயாவது போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கூடாரம் என்றால் பிரமாதமாக நினைத்துவிட வேண்டாம். கிடங்கில் மூட்டைகளை மூடும் தார்ப்பாய்தான். 1979-இல் இடம் பார்க்கும் பொறுப்பை வெங்கிடாசலம் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு எல்லோர் பிராணனையும் எடுத்தார்.

மலையாற்றூர் என்றால் ஏற்றம் ஜாஸ்தி என்றார். அதிரப்பள்ளியில் பாறை வழுக்கும். கடற்கரையில் மணல் புதையும். பாக்கிங் பிரிவு ராசப்பனுக்குப் பொறுமை போயிற்று. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவன், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

"என்ன சார், எதைச் சொன்னாலும் நொட்டை சொல்லுதீங்க. பேசாம கம்பெனி முத்தத்துலயே பாயை விரிச்சிருவோமா?"

வெங்கிடாசலம் சிரித்து மழுப்பினார். வேறு என்ன செய்வார், பாவம். அவர் மனைவி சீதாலக்ஷ்மி ஆறு வருஷத்துக்கு முன் ஈரப் படியில் விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, முட்டி மடங்கவில்லை. சமதரையில் மெள்ள நடப்பாள். ஓர் உயரமான படி என்றால் தீர்ந்தது. ஐந்து வருஷமாக அவர் தனியாகவே போய்வந்தார். ஆபீசில் கேட்டால், வீட்டில் வேலை என்பார்.

போன வருஷம் கொண்டுவந்த குரூப் போட்டோவை அவள் வெகுநேரம் பார்த்தாள். "எல்லாரோட ஆத்துக்காரியும் இருக்கா. உங்க பக்கத்துலதான் எடம் காலியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

இந்தத் தடவை அவளை அழைத்துப் போயே தீருவது என்று அவர் முடிவு செய்தபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் காலைச் சொல்லி யாரண்டையும் கெஞ்ச வேண்டாம். அது நேக்குக் கொறச்சல்."

கடைசியில் ஒரு ஞாயிறு பிற்பகல், காயல் நடுவே ஒரு தென்னந்தோப்புத் தீவைப் பார்த்தார். தோணியின் விளிம்பும் கரைக்கல்லும் ஒரே மட்டம். தரை கூடம்போல் சமம். அவருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் பிறக்கும் என்பதால், ஏழரைக்கே தோணியை எடுத்து அதற்குள் கரையேறிவிடுவது என்று நாளும் நேரமும் குறித்தார். பஞ்சாங்கத்தை மூன்று தரம் புரட்டினார். தோணிக்காரரை ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

தோணி போய்ச் சேர்ந்தபோது அந்தக் கரைக்கல் இடுப்புக்கு மேலே நின்றது. நடுவில் பாசி பிடித்த சுவர். பிள்ளைகள் தாவினார்கள், பெண்களை ஆண்கள் கைகொடுத்து ஏற்றினார்கள். சீதாலக்ஷ்மி மட்டும் தோணியில் நின்றாள்.

"வேலியிறக்கமல்லே, சாரே. கடலு எறங்கும்போ காயல் வெள்ளமும் கீழே போகும்" என்றார் தோணிக்காரர் அப்பு. "ஒரு வாக்கு கேட்டிருந்தா நான் பறஞ்சிருப்பேன். இனி உச்சையாகும் ஏற."

ராசப்பன் மேலேயிருந்து குனிந்தான். "நாலு பேரு சேந்து தூக்கிருவோம்மா."

"மூட்டை மாதிரித் தூக்க வேண்டாம்ப்பா. நான் தோணியிலேயே இருக்கேன். நீங்கள்லாம் போங்கோ."

வெங்கிடாசலத்துக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்தோமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. "எல்லாம் என் தப்பு, சீதே. வா, திரும்பிப் போயிடலாம்" என்றார்.

மலை ஏன் வேண்டாம், மணல் ஏன் வேண்டாம் என்பதெல்லாம் ராசப்பனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. தொப்பென்று தோணிக்குள் குதித்தான்.

"உச்சிக்குத் தண்ணி ஏறிரும்லா? அப்புறமா எல்லாரும் ஒண்ணா எறங்குவோம். அந்த இட்லிப் பாத்திரத்தை இங்க எறக்குங்க."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்ப இறங்கினார்கள். இருபத்துமூன்று பேர் தோணியிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சட்னி சீதாலக்ஷ்மி அரைத்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். சுவரில் தண்ணீர் விரல் விரலாக ஏறிற்று. ராகுகாலம் வந்துபோனதை வெங்கிடாசலம்கூடக் கவனிக்கவில்லை.

உச்சி சாய்ந்தபோது தோணியும் கல்லும் மட்டமாயின. சீதாலக்ஷ்மி வலது காலை எடுத்து வைத்தாள். மடங்காத இடது கால் பின்னால் வந்தது. யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ராசப்பன் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "எங்கம்மா அடிக்கணும்? நீங்க சொல்லுங்க."

அவள் தோப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுகோடியைக் கை காட்டினாள்.

"அது தூரமாச்சே, சீதே" என்றார் வெங்கிடாசலம்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.