ஓர்பெக்கும் கன்னியம்மாவும்

போன வாரம் ஒரு கப்பல் மெக்கானிக் என்னை ஏமாற்றிவிட்டான். பெயர் ஓர்பெக். ஊர்? அது பூமியிலேயே இல்லை... வீடியோ கேமில் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனிக்கு தினம் ரயிலில் போய்வருகிற, பாதி முடியை அந்த ஜன்னல் காற்றுக்கே கொடுத்துவிட்ட ஸ்டோர் கீப்பர்தான் நான். இந்த கேம், என் மகள் நித்யா பிறப்பதற்கு முன்பிருந்தே பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிற ஒரு மாயாஜால வரிசை. அவள் ஆடி முடித்த பாகங்களை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

ஆரம்பத்திலேயே கேம் கேட்கும் - ஹீரோவுக்கு என்ன பெயர்? நான் யோசிப்பேனா? என் பெயரையே போட்டுவிடுவேன். அரசர் எழுந்து நின்று, "மாவீரன் டில்லிபாபுவே, இந்த உலகம் உன் கையில்" என்பார். மாடியில் துணி காயப்போட்டபடி என் மனைவி, "இன்னாங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துக்குங்க" என்பாள். உலகத்தைக் காப்பாற்றிவிடுவேன். பாலைக் காப்பாற்றத்தான் ஒருநாளும் முடிந்ததில்லை.

ஓர்பெக்குக்கு வருகிறேன். ஒரு பாகத்தில் அவன் தாடிக்காரக் கிழவன். இன்னொன்றில் கண்ணாடி போட்ட பெண். வேறொன்றில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குள்ளன். ஆள் வேறு, உலகமே வேறு. ஆனால் உடைந்த பறக்கும் கப்பலைச் சரிசெய்து ஹீரோவைக் கரைசேர்க்கிறவர் பெயர் மட்டும் எப்போதும் ஓர்பெக்.

புதுப் பாகத்தில் துறைமுகத்தில் ஒருவன், "நான் ஓர்பெக்" என்றான். அவ்வளவுதான்! வைத்திருந்த மருந்து, மந்திரக்கல் எல்லாவற்றையும் அவன் கப்பலில் ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால் கப்பலும் இல்லை, கல்லும் இல்லை.

"நைனா, இவன் வேற ஓர்பெக். ஒவ்வொரு பாகமும் புதுக் கதைன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றாள் நித்யா.

"அப்புறம் இன்னாத்துக்கு அதே பேர வச்சாங்க?"

"நீ இப்டி ஏமாறணும்னுதான்!"

பேர் தெரியாத திருடன் என்றால் அன்றே மறந்திருப்பேன். ஆனால் ஓர்பெக் ஆச்சே! சோறே இறங்கவில்லை. ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை இத்தனை ஆட்டிவைக்க முடியுமா?

அதே பேஜாரோடு மறுநாள் வேலைக்குப் போனேன். அங்கே புது கிரேனுக்கு ட்ரையல்.

எங்கள் ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடி, இரும்புக் கட்டைகளைத் தூக்கிப்போன பழைய கிரேனின் பெயர் கன்னியம்மா. யார் வைத்தார்கள்? யாருக்கும் தெரியாது. உச்சியில் கேபினில் உட்கார்ந்து அதை ஓட்டியவர் எட்டியப்பன். கீழே நின்று கையசைத்து சிக்னல் கொடுப்பவர் மோசஸ். கன்னியம்மாவைக் கழற்றி ஸ்கிராப்புக்கு அனுப்பியபோது இருவரும் டீ குடிக்கக்கூட வரவில்லை.

புதுசுக்குப் பெயர் கிடையாது. 'நம்பர் நாலு' என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ட்ரையலில் லோடை ஆடாமல் இறக்கினால் எட்டியப்பனுக்கு மேலே சீட். இல்லையென்றால் வெளியிலிருந்து வேறு ஆள், எட்டியப்பன் கீழே யார்டு வேலைக்கு.

முதல் தடவை தூக்கினார். லோடு ஊஞ்சலாடியது. இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி ஆட்டம். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். மேலே கேபின் கண்ணாடியில் எட்டியப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

"இன்னாண்ணே இது, புதுப் பொண்ணாண்ட பேசறாமாரி பயந்துக்கினு ஓட்றாரு" என்றார் மோசஸ் என்னிடம்.

கடைசி வாய்ப்பு. மோசஸ் கையைத் தூக்கினார். கையோடு வாயும் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது -

"ஏ கன்னியம்மா! மெள்ள வாம்மா... வா, வா, வா!"

ஷெட்டே கொல்லென்று சிரித்தது. மேலே எட்டியப்பனும் சிரித்துவிட்டார். பிறகு ஹாரனை ரெண்டு தட்டு தட்டினார். 'டிர்ர்... டிர்ர்...' பழைய கன்னியம்மா பதில் சொல்கிற அதே தாளம்!

லோடு எழுந்தது. நேராக, சோம்பல் முறித்து எழுகிற மாதிரி. ஷெட்டின் மறுகோடிவரை போய், பாய் விரித்ததுபோல் உட்கார்ந்தது. துளி ஆட்டம் இல்லை.

முதல் ரெண்டு தடவை ஆடிய அதே மெஷின்தான். ஆளும் அதே ஆள்தான். மாறியது என்ன? அறிமுகமில்லாத இரும்பு ஒன்று, ஒரு பெயரில், பழகின இரும்பாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்தப் பெயரோடு சேர்ந்த நம்பிக்கை முழுக்க எட்டியப்பன் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்து கேம் கதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தை, எங்கள் மோசஸுக்கும் தெரிந்திருக்கிறதே! எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. (தலையில் சிலிர்க்கத்தான் வழியில்லை.)

மறுநாள் காலை மேனேஜரே போனில் கேட்டார்: "டில்லி, கன்னியம்மா ஃப்ரீயா இருக்காளா?"

ஓர்பெக்கை மன்னித்து, கேமை முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஹீரோவுக்கு என்ன பெயர் என்று கேட்டது. இந்த முறை டில்லிபாபு வேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

கன்னியம்மா என்று போட்டேன். முதல் ராட்சசனையே அலேக்காகத் தூக்கிவிட்டாள்!