இடுப்புப் பையின் கனம்

அந்தத் தையல்காரி எதை வேண்டுமானாலும் தைப்பாள். பை மட்டும் தைக்க மாட்டாள். கேட்டு வந்தவர்களிடம், "பையெல்லாம் கடையிலயே கிடைக்குதே, வாங்கிக்கங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். திமிர் பிடித்தவள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன வந்தது!

அவள் கடைசியாகத் தைத்த பை, வெல்டரான தன் கணவனுக்கு. கெட்டித் துணி, இரட்டைத் தையல், இடுப்போடு கட்டிக்கொள்ள ஒரு வார். சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு மழைநாளில் சாரத்தில் கால் வழுக்கி அவன் விழுந்தபோது அதுதான் இடுப்பில் இருந்தது. கீழ்த்தட்டில் நின்ற மேஸ்திரி கை நீட்டிப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை. "இடுப்புல அந்தக் கனம் இல்லேன்னா கொஞ்சம் மெதுவா விழுந்திருப்பான்மா, பிடிச்சிருப்பேன்" என்று துக்க வீட்டில் அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து, கட்டியவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்து அவள் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் புவியீர்ப்புப் பாடம் வந்தது.

"அம்மா, கனமானதும் லேசானதும் ஒண்ணாத்தான் விழுமாம்."

"யாருக்குடி காது குத்துற? கனமானதுதான் சீக்கிரம் விழும்."

"கனமானதைப் பூமி அதிகமாத்தான் இழுக்குது. ஆனா அதை நகர்த்துறதும் அதே அளவுக்குக் கஷ்டம்ல? பீரோவையும் ஸ்டூலையும் தள்ளிப் பாரேன். அதனால ரெண்டும் சரிக்குச் சரியாயிடுது. இறகு, காகிதம் மாதிரி இருந்தாத்தான் காத்து தடுக்கும்."

அவள் மெஷினை நிறுத்தினாள். கட்டிலுக்கடியில் சாமான்களோடு அப்படியே கிடந்த அந்தப் பையை இழுத்து, ஒரே ஒரு ஸ்பேனரை மட்டும் வெளியே எடுத்தாள்.

"மாடிக்குப் போய் ரெண்டையும் ஒண்ணா விடு. நான் கீழ ஓரமா நின்னு பாக்குறேன்."

தரையில் ஒரே சத்தம்தான் கேட்டது. "இன்னொரு தரம்" என்றாள். இன்னொரு தரமும் ஒரே சத்தம். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் பயந்துபோய் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வெட்டிக்கொண்டிருந்தபோது, தைக்கக் கொடுக்க ஒரு கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வந்தார். வழக்கம்போல ஆரம்பித்தார். "அந்தக் கனம் மட்டும் இல்லேன்னா…" சொல்லும்போது தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பையின் மேல் பழி இல்லையென்றால், அது முழுக்க அந்தக் கையின் மேல்தான் போய் விழும். நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள்.

"ஆமாண்ணே, ரொம்பக் கனமான பை. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.