ஆம்ப்புக்கு வைத்த பொட்டு

கிட்டார் சத்தத்தைப் பெருக்க நான் வைத்திருந்த முதல் ஆம்ப், மாமாவின் மைக்செட் பெட்டி. குழாய் ஸ்பீக்கரில் கிட்டார் வாசித்தால் தேர்தல் ஆட்டோ போலக் கத்தும். அடுத்து வாங்கிய சின்னப் பெட்டி வீட்டுக்குள் தேவலை. மேடையில் டிரம்ஸ் ஆரம்பித்தால் அதன் சத்தம் எனக்கே கேட்காது. கடைசியில்தான் பெங்களூரில் பழைய வால்வு ஆம்ப் ஒன்று கிடைத்தது. தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் உள்ளே வால்வு சூடேறி முதல் தந்தி அதிர்ந்தால், அடேயப்பா, நெஞ்சில் வந்து உட்காரும்!

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் பாப்பாரப்பட்டியில் எங்கள் இசைக்குழுவின் கச்சேரி. சாயங்காலம் பந்தலில் ஆம்ப்பைத் துடைத்து, முன்பக்க ஓட்டையில் கிட்டார் வயரைச் சொருகிப் பார்த்தேன். கரகரவென்று இருமிவிட்டு அடங்கிப்போனது. பக்கத்து ஓட்டையில் சொருகினேன். அதிலும் அதே கதை. வயரை மாற்றியும் பலனில்லை.

குழுத் தலைவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க, கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வருது. அப்புறம் பேசிக்கலாங்க."

தபேலாக்காரரிடமும் இப்படித்தான் 'அப்புறம் பேசிக்கலாம்' என்றார். அதன்பிறகு அவரை எந்தக் கச்சேரிக்கும் கூப்பிடவில்லை. நாசமாப் போன பெட்டி, இன்றைக்குத்தானா படுக்க வேண்டும் என்று திட்டியபடி வயரை உருவினேன். அதன் முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்!

மனைவிக்குப் போன் போட்டேன்.

"நேத்து ஆம்ப்புக்கு எங்க பொட்டு வெச்ச?"

"முன்னாடி ஓட்டை இருக்குதில்ல, அதுலதான். வெளிய வெச்சா உதுந்துருதுன்னு நல்லா அமுக்கி வெச்சேன்."

"ரெண்டு ஓட்டையிலயுமா?"

"ஒன்னுக்கு வெச்சுட்டு இன்னொன்ன மொட்டையா வுட்டா நல்லாவா இருக்கும்?"

கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. கரண்டை நிறுத்தினேன். ஈர்க்குச்சியில் துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு ஓட்டையையும் குடைந்தேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் சேறாக வந்தன. நன்றாகக் காயவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டேன். சூடேறும் வரை காத்திருந்தது பெரிய கொடுமை. பயந்து பயந்து ஒரு தந்தியைத் தட்டினேன்.

பந்தல் முழுக்க நிறைந்து ஒலித்தது. அப்பாடா! அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அன்றைய முதல் பாட்டே கிட்டாரில் தொடங்குவது. கீபோர்டுக்காரர் வாசிக்கக் கை வைத்தார். தலைவர் வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கச்சேரி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"அடுத்த வாரம் பாப்பிரெட்டிப்பட்டிங்க. உங்களையும் சேத்துத்தான் வேன் சொல்றேன்."

"சரிங்க" என்றேன். கண் கலங்கியதைக் காட்டாமல் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினேன்.