துவைக்காத கைக்குட்டை

ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள்ளோ துவைக்காத ஒரு கைக்குட்டை. மயக்கக்காவின் வாழ்க்கையை இவ்வளவில் சொல்லி முடித்துவிடலாம். அவளே அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாள்.

இளவயதில், கச்சேரி மேடையிலிருந்து பிரபல பாடகர் ஒருவர் முகம் துடைத்து வீசிய, ஓரத்தில் நீலத் தையல் போட்ட ஈரக் கைக்குட்டை அவள் மேல் வந்து விழுந்தது. அவளும் மயங்கி விழுந்தாள். மறுநாள் பத்திரிகையில் ரசிகைப் பித்து என்று எழுதினார்கள். ஊரில் மயக்கக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வரிசையில் நின்றதை யாரும் எழுதவில்லை, அவளும் சொல்லவில்லை. பசி மயக்கம் என்றால் என்ன மதிப்பு?

கல்யாணமானபோது டப்பாவும் கூடவே வந்தது. அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் கணவர் முதலில் முறைத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

"எனக்கு வேர்த்தா சட்டையத் தூக்கி எறியிற. அவருக்கு வேர்த்தா டப்பால வெக்கிற."

பாடகர் கடைசிக் கச்சேரிக்கு வருகிறார் என்றதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்குட்டையைக் காட்டி, ஆமாம், என்னுடையதுதான் என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். இத்தனை காலம் பட்ட கேலிக்கு அது போதும்.

கச்சேரியன்று காலை அவருடைய உதவியாளர் சலவைக்கூடத்தில் ஒரு மூட்டையை இறக்கினார். அத்தனையும் வெள்ளைக் கைக்குட்டைகள், ஓரத்தில் அதே நீலத் தையல்.

"தேய்ச்சு, லேசா உப்புத்தண்ணி தெளிச்சு, சுருட்டிக் குடுங்க. சாயங்காலம் வீசணும்."

"ஐயாவோட வேர்வை..." என்று இழுத்தாள் அக்கா.

"அவருக்கு எங்கம்மா வேர்க்குது? மேடையில ஆளுயர ஃபேன் ஓடுது. அந்தக் காலத்துலேருந்தே இப்படித்தான். போற ஊர்ல சலவைக்குக் குடுத்துடுவோம்."

உதவியாளர் போனதும் கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். கேலி பண்ணாமல் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"சிரிச்சுடுங்க. அடக்கி வெச்சா வயிறு வலிக்கும்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? நம்மள மாதிரி யாரோ தெளிச்ச தண்ணியத்தான் பத்திரமா வெச்சிருந்திருக்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. புழுக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள், சுருட்டினாள். கடைசிக் கைக்குட்டையில் அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது. மாற்றலாமா என்று பார்த்தாள். மாற்றவில்லை.

"இதுலயாவது நெஜ வேர்வை இருக்கட்டும்" என்று மூட்டையில் வைத்தாள். "யாரு கையில கெடைக்கப்போகுதோ. பாவம், அவளாவது சாப்டுட்டு வரணும்."